மல்லசமுத்திரம்: ஒரே வீட்டில் பருத்தி மூட்டையும் தறிக்கூலியும்

சேலத்திலிருந்து தெற்கே ஆட்டையாம்பட்டியைத் தாண்டினால் காளிப்பட்டி. தைப்பூசத்துக்கு கந்தசாமி கோயிலில் தேர் ஓடும் ஊர். அதையும் கடந்து திருச்செங்கோடு பக்கம் திரும்பினால் மல்லசமுத்திரம் வந்துவிடும். பெயரில் சமுத்திரம் இருக்கிறது. ஆனால், ஊரைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் புன்செய் நிலம். கிணறும் ஆழ்துளைக் கிணறும் கொடுக்கிற தண்ணீரை நம்பிய காடுகள். ஒரு காட்டில் பருத்தி, அடுத்த காட்டில் குச்சிக்கிழங்கு, வரப்பு ஓரத்தில் தென்னை, கொஞ்சம் சோளத்தட்டு, கட்டுத்தறியில் இரண்டு எருமை. இதுதான் இங்கே ஒரு சிறு விவசாயக் குடும்பத்தின் சொத்து.

பருத்தி ஏலம் நடக்கும் நாளில் ஊரின் முகமே மாறிவிடுகிறது. திருச்செங்கோடு வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் கிளை இங்கே இருக்கிறது. சரக்கு ஆட்டோவிலும் டெம்போவிலும் மூட்டைகள் வந்து இறங்குகின்றன. ஒரே ஒரு மூட்டையை மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு வருபவரும் உண்டு. கொங்கு மண்டல ஊர்களிலிருந்து வந்த வியாபாரிகள் ஒவ்வொரு குவியலாகப் போய், ஒரு கைப்பிடி எடுத்து, விரலால் இழுத்து இழை நீளம் பார்க்கிறார்கள். உள்ளங்கையில் அழுத்தி ஈரம் பார்க்கிறார்கள். பி.டி. ரகத்துக்கு ஒரு விலை. நிறம் மங்கி, கறையும் சருகும் கலந்த கொட்டுப் பருத்திக்கு அதைவிட வெகுவாகக் குறைந்த விலை.

விலை முடிந்ததும் டீக்கடை வரை ஒரே கேள்விதான்: "ஏனுங்க, இன்னைக்கு என்ன போச்சுங்க?"

இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. அடுத்த பட்டத்துக்குப் பருத்தி வைப்பதா, குச்சிக்கிழங்குக்கு மாறுவதா? 'பொருளாதார வளர்ச்சி', 'கொள்கைச் சிக்கல்' என்று நிபுணர்கள் பெரிய வார்த்தைகளில் பேசுகிற விஷயம், மல்லசமுத்திரத்தில் இந்த ஒரு கேள்வியாகத்தான் வந்து நிற்கிறது.

ஒரே மாவட்டம், மூன்று விதமான விலை

1997-ல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டத்தை, வளர்ச்சியைப் பற்றிப் படிப்பவர்கள் ஆர்வத்தோடு பார்ப்பார்கள். காவிரி ஓரத்தை விட்டால் ஆற்றுப் பாசனம் குறைவு. ஆனாலும் நாமக்கல் கோழிப்பண்ணைகள், லாரித் தொழில், லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள், இந்தியா முழுக்கப் போய்த் துளை போடும் திருச்செங்கோட்டு 'ரிக்' வண்டிகள் என இத்தனையும் இந்த மண்ணில் வளர்ந்தன. இதில் பெரும்பகுதி, புன்செய் விவசாயக் குடும்பங்கள் கையிலிருந்த பணத்தைப் போட்டும், கூட்டுச் சேர்ந்தும், கடன் வாங்கியும் வளர்த்தெடுத்தது. மழையை மட்டும் நம்ப முடியாத நிலம்தான் மனிதர்களை வேறு தொழிலுக்குத் தள்ளியது.

ஆனால், இந்த மாவட்டத்தில் விளையும் எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரி விலை கிடைப்பதில்லை. மூன்று பொருட்களை எடுத்துக்கொண்டால் வேறுபாடு தெரியும்.

முதலாவது, முட்டை. 1982-ல் உருவான தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, பண்ணையாளர்களின் அமைப்பு. நாமக்கல் மண்டலத்துக்கான விலையை அதுதான் அறிவிக்கிறது. சில சமயம் அறிவித்த விலைக்குக் கீழேயும் விற்க வேண்டியிருக்கும். என்றாலும், பேச்சைத் தொடங்குவது உற்பத்தி செய்பவர்.

இரண்டாவது, ஜவ்வரிசி. சேலத்தில் 1981-ல் தொடங்கப்பட்ட 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம், ஆலைகளின் ஜவ்வரிசியையும் ஸ்டார்ச்சையும் டெண்டர் முறையில் விற்றுக்கொடுக்கிறது. ஆனால், அதன் உறுப்பினர்கள் ஆலைக்காரர்கள். கிழங்கு போட்ட விவசாயி, மாவுச்சத்து எத்தனை 'பாயிண்ட்' என்று ஆலை சொல்வதைக் கேட்டுக்கொண்டு டன்னுக்கு விலை வாங்குகிறார். கூட்டுறவு இருக்கிறது. ஆனால், அது காட்டுக்கு ஒரு படி மேலேயே நின்றுவிடுகிறது.

மூன்றாவது, பருத்தி. இங்கே கூட்டுறவு காட்டுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. விவசாயியின் மூட்டை, விவசாயியின் பெயரிலேயே ஏலத்துக்குப் போகிறது. ஆனால், விலை எங்கிருந்து வருகிறது என்று தேடினால், அது மல்லசமுத்திரத்தில் இல்லை.

நூறு வருடக் கதை

பருத்தி விவசாயிக்கு ஏன் நியாயமான விலை கிடைப்பதில்லை என்று அரசு ஆராய்ந்தது இப்போது நேற்று அல்ல. 1926-ல் அமைக்கப்பட்ட ராயல் விவசாயக் கமிஷன், 1928-ல் அறிக்கை கொடுத்தது. எடையில் மோசடி, தேவையில்லாத கழிவுகள், வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒரே தரகர் என்ற குறைகளைச் சொல்லி, ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களைப் பரிந்துரைத்தது. அன்றைய சென்னை மாகாணம் 1933-ல் அதற்கான சட்டம் போட்டது. 1936-ல் திருப்பூரில் பருத்திக்கு விற்பனைக்கூடம் வந்தது.

விற்பனைக்கூடம் வந்தால் போதுமா? போதாது என்று சொன்னது இன்னொரு ஆய்வு. 1951-52-ல் ரிசர்வ் வங்கி நாடு முழுவதும் கிராமக் கடன் கணக்கெடுப்பு நடத்தியது. விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது நூற்றுக்கு 3 ரூபாய் அளவுதான். ஏறக்குறைய 70 ரூபாய் வட்டிக்காரர்களிடமிருந்து வந்தது. விதைக்கும் உரத்துக்கும் வியாபாரியிடமே கடன் வாங்கியவர், விளைந்ததை அவரிடமே போட வேண்டும். ஏலக்கூடம் பக்கத்தில் இருந்தும் அவருக்குப் பயனில்லை. ஆகவே கடனும் விற்பனையும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்றது 1954-ல் வெளியான அந்த அறிக்கை.

மல்லசமுத்திரம் ஏலக்கூடத்தில் மூட்டையோடு நிற்பவர் இந்த இரண்டு பாடங்களின் பலனையும் அனுபவிக்கிறார். தராசு நேராக இருக்கிறது. நாலு வியாபாரி ஒரே குவியலைப் பார்க்கிறார்கள். எடைச்சீட்டு கையில் வருகிறது. வீட்டு வாசலுக்கு வந்து கண்மதிப்பாக விலை பேசும் வியாபாரியிடம், "ஏலத்துல இவ்வளவு போச்சுங்க" என்று எதிர்த்துப் பேசவும் முடிகிறது. ஏலத்துக்கு வராத விவசாயிக்கும் ஏலக்கூடம் இப்படி உதவுகிறது. கொள்கை சரியாக அமைந்தால் எப்படி வேலை செய்யும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஆனால், இந்த ஏற்பாடு சரிசெய்தது உள்ளூர்க் கோளாறை மட்டும்தான்.

விலை எங்கிருந்து வருகிறது?

வியாபாரி கையில் பருத்தியை எடுக்கும்போது அவர் மனதில் ஒரு கணக்கு ஓடுகிறது. அதை விவசாயியும் போட்டுப் பார்க்கலாம்.

100 கிலோ பருத்தியை ஜின்னிங் மில்லில் அரைத்தால் ஏறக்குறைய 34 கிலோ பஞ்சு, 64 கிலோ கொட்டை, 2 கிலோ கழிவு என்று வைத்துக்கொள்வோம். பஞ்சு விற்பது கண்டிக் கணக்கில். ஒரு கண்டி 356 கிலோ. கண்டி 55,000 ரூபாய் என்றால் கிலோ சுமார் 154 ரூபாய். 34 கிலோவுக்கு 5,236 ரூபாய். கொட்டை கிலோ 33 ரூபாய் என்றால் 64 கிலோவுக்கு 2,112 ரூபாய். மொத்தம் 7,348 ரூபாய். இதில் அரவைக் கூலி, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை, வட்டி, லாபம் கழித்ததுதான் குவிண்டாலுக்கு அவர் கேட்கக்கூடிய விலை.

அதே பருத்தியில் 34-க்குப் பதில் 32 கிலோ பஞ்சுதான் தேறும் என்று அவருக்குத் தோன்றினால், கணக்கு 7,106 ரூபாயாக இறங்கிவிடும். விரல் நுனியில் பார்க்கிற அந்த 2 கிலோவின் மதிப்பு 242 ரூபாய். பக்கத்துக் குவியலுக்கு ஏன் கூடுதல் விலை போனது என்ற சந்தேகத்துக்குப் பல நேரம் பதில் இங்கேதான் இருக்கிறது.

இந்தக் கணக்கில் விவசாயியின் கையில் இருப்பது தரம் மட்டுமே. கண்டி விலை அவர் கையில் இல்லை. சங்கத்தின் கையிலும் இல்லை.

தமிழ்நாட்டு நூற்பாலைகளுக்கு ஆண்டுக்கு 1 கோடிக்கும் அதிகமான பேல் பஞ்சு தேவைப்படுகிறது. ஒரு பேல் 170 கிலோ. தமிழ்நாட்டில் விளைவது அதில் மிகச் சிறிய பங்கு. மீதி குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானாவிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வருகிறது. ஆலை வாசலில் தேவை இவ்வளவு இருக்கும்போது உள்ளூர்ப் பருத்திக்குத் தனி மவுசு இருக்க வேண்டும் அல்லவா? வெளியூர்ப் பஞ்சு வந்து சேரும் விலையைவிட உள்ளூர்ப் பஞ்சுக்கு ஆலைகள் அதிகம் கொடுக்க மாட்டார்கள். அதனால் அமெரிக்காவிலும் பிரேசிலிலும் விளைச்சல் கூடினால், அது மல்லசமுத்திரம் எடைச்சீட்டிலும் தெரியும்.

டெல்லியில் மாறும் ஒரு வரி

2021 பிப்ரவரி பட்ஜெட்டில், இறக்குமதியாகும் பஞ்சுக்கு 11 சதவிகிதம் சுங்கம் வந்தது. 2022-ல் கண்டி விலை 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. பருத்தி குவிண்டால் 10,000 ரூபாய்க்கு மேல் போனது. விவசாயிக்கு அது பொற்காலம். நூற்பாலைக்கும் பின்னலாடைத் தொழிலுக்கும் அது நெருக்கடி. அந்த ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசு சுங்கத்தைத் தற்காலிகமாக நீக்கியது.

2025-ல் மறுபடியும் அதே காட்சி. இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவிகித வரி போட்டதால் திருப்பூர் ஏற்றுமதி ஆடிப்போனது. ஆகஸ்ட் 19 முதல் பஞ்சுக்கான சுங்கம் நீக்கப்பட்டது. முதலில் செப்டம்பர் இறுதி வரை என்றார்கள். பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். அது நாட்டின் பல பகுதிகளில் புதுப்பருத்தி சந்தைக்கு வரும் காலம்.

இதன் அளவைப் புரிந்துகொள்ள இன்னொரு கணக்கு. வெளிநாட்டுப் பஞ்சு கிலோ 150 ரூபாய் என்றால் 11 சதவிகித சுங்கம் 16 ரூபாய் 50 காசு. ஒரு குவிண்டால் பருத்தியிலுள்ள 34 கிலோ பஞ்சுக்கு அது 561 ரூபாய். சுங்கம் இருந்தால் இந்தப் பணம் முழுவதும் விவசாயிக்கு வந்துவிடும் என்று சொல்ல முடியாது. சுங்கம் போனால் முழுவதும் இறங்கிவிடும் என்றும் சொல்ல முடியாது. ஆனால், விலைக்குக் கீழே முட்டுக் கொடுத்திருந்த ஒரு கழி அகற்றப்பட்டது என்பது உண்மை.

'அதுதான் குறைந்தபட்ச ஆதரவு விலை இருக்கிறதே' என்று கேட்கலாம். 2025-26 பருவத்துக்கு நடுத்தர இழைப் பருத்திக்கு 7,710 ரூபாய், நீண்ட இழைக்கு 8,110 ரூபாய். முந்தைய பருவத்தைவிட 589 ரூபாய் அதிகம். சந்தை விலை இதற்குக் கீழே போனால், 1970-ல் தொடங்கப்பட்ட இந்தியப் பருத்திக் கழகம் வாங்க வேண்டும். ஈரப்பதம் 8 சதவிகிதம் வரை முழு விலை. 12 சதவிகிதம் வரை கழித்துக்கொண்டு வாங்குவார்கள். அதற்கு மேல் வாங்குவதில்லை. கொள்முதல் மையம் வண்டி வாடகைக்குக் கட்டுப்படியாகும் தூரத்தில் இருந்தால்தான் இந்த விலைக்கு அர்த்தம். 5 மூட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு, அறிவிப்பில் உள்ள விலையைவிட அருகில் உள்ள தராசுதான் முக்கியம்.

இரண்டு பக்கமும் நியாயம்

அப்படியானால் சுங்கத்தை நீக்கியது தவறு என்று முடித்துவிடலாமா? மல்லசமுத்திரத்தில் அப்படிச் சட்டென்று முடிக்க முடியாது.

இந்த வட்டாரத்தில் தறிச்சத்தம் கேட்காத தெருக்கள் குறைவு. ஆட்டையாம்பட்டி, வெண்ணந்தூர், திருச்செங்கோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் என்று எங்கும் விசைத்தறி. அப்பா காட்டில் பருத்தி எடுக்கிறார். மகன் தறி ஓட்டுகிறான். மருமகள் நூற்பாலை வேனில் ஏறுகிறாள். பஞ்சு விலை ஏறினால் அப்பாவுக்கு நல்லது. நூல் விலை ஏறி, தறி வாரத்தில் 3 நாள் நின்றால் மகனுக்குக் கூலி போச்சு. பஞ்சு விலை இறங்கினால் தறி ஓடும். ஆனால், அப்பா அடுத்த பட்டத்துக்குப் பருத்தியைக் கைவிடுவார்.

விவசாயியா, தொழிலாளியா என்று பத்திரிகைகளில் இரண்டு கட்சியாகப் பிரித்துப் பேசுகிறார்கள். இங்கே இரண்டு கட்சியும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகின்றன. ஒருவருக்குச் சாதகமான கொள்கைக்கு இன்னொருவர் பணம் கொடுக்கிறார். யார் கொடுக்கிறார் என்பதைக் கணக்கில் சேர்க்காததுதான் இங்கே உள்ள உண்மையான கொள்கைச் சிக்கல். ஆலையைக் காப்பாற்ற சுங்கத்தை நீக்கினால், அதே நாளில் விவசாயிக்குக் கொள்முதலும் பக்கத்துக்கு வர வேண்டும். ஒன்றை உடனே செய்து, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றால் பாரம் ஒரே தோளில் இறங்கும்.

இந்த வட்டாரத்துக்கு இந்தப் பாடம் புதிதல்ல. அன்று இதெல்லாம் சேலம் மாவட்டம். 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் சேலத்தில்தான் கொண்டுவந்தது. குடும்பங்களுக்கு நிம்மதி கிடைத்தது. அரசுக்குக் கலால் வருமானம் போனது. அந்த இழப்பை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. நல்ல திட்டத்துக்கும் ஒரு விலை உண்டு. அதை யார் கட்டுவது என்று அன்றைய அரசு வெளிப்படையாகச் சொல்லி வரி போட்டது.

காடு எடுக்கும் முடிவு

கொள்கை தாமதித்தாலும் காடு தாமதிக்காது. பருத்தியை ஒருமுறை எடுத்தால் முடியாது. மூன்று நான்கு சுற்று எடுக்க வேண்டும். பெரும்பாலும் பெண்கள்தான் எடுக்கிறார்கள். தறிக்கும் ஆலைக்கும் 100 நாள் வேலைக்கும் போனது போக ஆள் கிடைப்பது கஷ்டம். எடுப்புக் கூலி கொடுத்த பிறகு மிஞ்சுவதை வைத்துத்தான் அடுத்த பட்டம் முடிவாகிறது. குச்சிக்கிழங்குக்கு அந்தத் தொல்லை குறைவு. நட்டுவிட்டால் பத்து மாதம் பொறுக்கலாம். அதனால் விலை நிச்சயமில்லை என்று தெரிந்தும் கிழங்குக்கு மாறுகிறார்கள். எல்லோரும் ஒரே வருடம் மாறினால் கிழங்கு விலை விழுகிறது. மறுபடி பருத்தி. இப்படி விலைக்குப் பின்னால் ஓடுகிற ஓட்டத்தில் கடைசியாகப் போய்ச் சேர்பவர் எப்போதும் சிறு விவசாயிதான்.

1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களை அவரவர் கிராமத்துக்கு அனுப்பி, நிலம், கூலி, கடன், வீட்டுச்செலவு எல்லாவற்றையும் எழுதிவரச் சொன்னார். அந்தக் கிராமங்கள் சிலவற்றுக்கு 1930-களிலும் 60-களிலும் 80-களிலும் வேறு ஆய்வாளர்கள் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். எது வளர்ந்தது, எது வளரவில்லை என்று தெரிந்தது அப்படித்தான். ஒருமுறை வந்து படிவம் நிரப்பிக்கொண்டு போகிற ஆய்வு, விலை நன்றாக இருந்த வருடத்தில் வந்தால் ஊர் செழிப்பு என்று எழுதும். விழுந்த வருடத்தில் வந்தால் ஊர் நொடித்தது என்று எழுதும். திரும்பத் திரும்பப் பார்த்து எழுதுவதுதான் ஆராய்ச்சி.

அதைச் செய்யப் பேராசிரியர்தான் வேண்டும் என்பதில்லை. ஏலக்கூடத்தில் ஒவ்வொரு வாரமும் எழுதப்படும் விலை ஒரு பக்கம். எடுப்புக்கூலி, உரம், மருந்து, வண்டி வாடகை எழுதிய வீட்டு நோட்டு இன்னொரு பக்கம். ஐந்து வருடத்துக்கு இரண்டையும் சேர்த்து வைத்தால், பருத்தி இந்த மண்ணில் கட்டுமா என்பதற்கு எந்த அறிக்கையையும்விடத் தெளிவான பதில் கிடைக்கும். குறைதீர்க் கூட்டத்தில், "கட்டுபடியாகலைங்க" என்று சொல்வதற்கும், "ஒரு குவிண்டால் எடுக்க எனக்கு இவ்வளவு ஆச்சு, ஏலத்தில் இவ்வளவு போச்சு" என்று நோட்டைத் திறந்து காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவதைப் புலம்பல் என்று ஒதுக்கலாம். இரண்டாவதற்கு அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும்.

சாயங்காலம் ஏலக்கூடம் காலியாகிறது. லாரிகள் அவிநாசி, கோவைப் பக்கம் கிளம்புகின்றன. காலி சாக்கைச் சுருட்டி மொபெட்டில் வைத்துக்கொண்டு, எடைச்சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்தபடி வீடு திரும்புகிறார் ஒருவர். அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாமல் நோட்டில் ஒட்டி வைத்தால், மல்லசமுத்திரத்தின் அடுத்த ஆய்வு அங்கேயே தொடங்கிவிடும்.

ஏலத்துக்குப் பருத்தி கொண்டுபோகும்முன்...

* பனி உலர்ந்த பிறகு எடுங்கள். ஈரம் இருந்தால் நிழலில் உலர்த்துங்கள். எடை கூடட்டும் என்று தண்ணீர் தெளித்தால் விலையில் அதைவிட அதிகமாகப் போய்விடும்.

* முதல் எடுப்பு, கடைசி எடுப்பு, கொட்டுப் பருத்தி மூன்றையும் தனித்தனி மூட்டையாகக் கட்டுங்கள். கொஞ்சம் கொட்டு கலந்தாலும் மொத்தக் குவியலுக்கும் விலை இறங்கும்.

* பிளாஸ்டிக் சாக்கின் இழை, தலைமுடி, சருகு சேராமல் பாருங்கள். எடுக்கும்போது தலையில் துணி கட்டிக்கொள்வதும், துணிச்சாக்கில் நிரப்புவதும் நல்லது.

* போகும் முன் அன்றைய கண்டி விலையையும் கொட்டை விலையையும் விசாரித்து, 34 கிலோ பஞ்சு, 64 கிலோ கொட்டை என்று மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். கேட்கும் விலை நியாயமா என்று ஓரளவு பிடிபடும்.

* எடைச்சீட்டு, செலவு இரண்டையும் தேதியோடு ஒரே நோட்டில் எழுதுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் அந்த வேலையைக் கொடுக்கலாம்.